நீலத்திரை

வீட்டில் ஒருவர் மடிக்கணினியின் முன் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். விரல்கள் விசைகளின்மேல் ஓடுகின்றன. எழுத்துகள் வரிவரியாகத் திரையில் எழுகின்றன. திடீரென்று எழுத்தும் மறைகிறது, பக்கமும் மறைகிறது. திரை முழுவதும் ஒரே நீலமாகிறது. அந்நீலத்தின்மேல் வெண்ணிறத்தில் ஆங்கிலச் சொற்கள் சில தோன்றுகின்றன. சிறிது நேரத்தில் அவையும் மறைந்து, கணினி தானே அணைந்து, தானே மீண்டும் எழுகின்றது. எழுதிய பக்கம் என்னவாயிற்று என்று அவர் திகைத்து நிற்கிறார். இந்நிகழ்ச்சியையே நீலத்திரை என்று வழங்குவர். அஃது யாது, எதனால் தோன்றுகிறது, தோன்றிய வழிச் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கணினியினுள் நிரல்கள் பல ஒருங்கே இயங்குகின்றன. கட்டுரை எழுதுதற்கு ஒன்று, பாட்டுக் கேட்டற்கு ஒன்று, படம் பார்த்தற்கு ஒன்று என அவை பலவாம். இவற்றையெல்லாம் ஆண்டு நடத்தும் தலைமை நிரல் இயங்குதளம் எனப்படும். நம் நாட்டு வீடுகளில் உள்ள மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் என்னும் இயங்குதளமே உளது. இதன் அமைப்பை அறிய ஒரு கோயிலின் அமைப்பை நினைத்துக்கொள்க. வெளிப் பிராகாரத்தில் யாவரும் உலாவலாம். கருவறையினுள்ளோ பூசை செய்வார் சிலரேயன்றிப் பிறர் புகுதல் இயலாது. அதுபோலவே நாம் பயன்படுத்தும் நிரல்கள் யாவும் வெளிப் பிராகாரத்தில் இயங்குபவை. நினைவகம், வன்தட்டு, திரை முதலிய உறுப்புகளை நேரே தொட்டு ஆளும் உரிமை உள்ளே இருக்கும் கருவகத்திற்கும், அதனோடு சேர்ந்து உள்ளே இயங்கும் சில நிரல்களுக்குமே உண்டு. அச்சில நிரல்களை டிரைவர் என்பர். திரைக்கு ஒரு டிரைவர், ஒலிபெருக்கிக்கு ஒரு டிரைவர் என ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒன்று இருத்தல் இயல்பு.

வெளிப் பிராகாரத்தில் ஒருவர் கால் தவறி விழுந்தால் பூசை நின்றுவிடுவதில்லை. எழுதும் நிரல் ஒன்று தவறு செய்யின், இயங்குதளம் அதனை மட்டும் மூடிவிட்டுத் தன் பணியைத் தொடரும். கருவறைக்குள் தவறு நேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட்டாலும், நினைவகமே தவறான எண்ணைத் திருப்பிக் கொடுத்தாலும், அதன்பின் எந்தக் கணக்கையும் நம்புதல் இயலாது. நம்பித் தொடர்ந்தால் வன்தட்டில் உள்ள நல்ல கோப்பின்மேல் பிழையான எழுத்துகள் பதிந்துவிடக் கூடும். ஆதலின் இயங்குதளம், ‘இனி ஓர் அடியும் எடுத்துவையேன்’ என்று அந்நொடியே நின்றுவிடுகிறது. நிற்குமுன் தன் நிலையைக் குறித்து ஒரு வாக்குமூலமும் எழுதிவைக்கிறது. ஆகவே நீலத்திரையை நோய் என்று கருதுதல் பொருந்தாது. காய்ச்சல் எங்ஙனம் உள்ளிருக்கும் நோயின் அறிகுறியோ, அங்ஙனமே இதுவும் ஓர் அறிகுறி. அன்றியும், மேலும் கேடு நேராமற் காக்கும் ஒரு தடையுமாம்.

1993-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்.டி. என்னும் இயங்குதளத்தில் இத்திரையை அமைத்தவர் ஜான் வெர்ட் என்னும் பொறியாளர். நீலத்தில் வெண்மை என்பதற்கு உட்பொருள் ஒன்றும் இல்லை. அவர் பணிசெய்த கணினியின் தொடக்கத் திரையும், அவர் நிரல் எழுதிய கருவியும் அந்நிறத்தினவாய் இருந்தமையே காரணம். 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிகாகோ நகரில் நடந்த கணினிக் கண்காட்சியில், அப்போது இன்னும் வெளிவராதிருந்த விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் முன்னிலையில் இயக்கிக் காட்டினர். ஒரு ஸ்கேனரைப் பொருத்திய அளவிலே பெருந்திரை முழுவதும் நீலமாயிற்று. அவையோர் நகைத்தனர், இதனை இன்னும் விற்பனைக்கு விடாததன் காரணம் இதுவே போலும் என்று கேட்ஸும் நகைத்தார். படைத்தவர்க்கே நேர்ந்த ஒன்று நமக்கு நேரின் நாணுதற்கு என்ன இருக்கிறது? 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அத்திரையில் வாடிய முகம் ஒன்றும் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டில் விண்டோஸ் 11-க்கு வந்த புதுப்பிப்பு ஒன்று முகத்தை நீக்கி, நீலத்தையும் கருமையாக்கிவிட்டது. நிறம் மாறினும் பழைய பெயர் மாறவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் உலவும்போது, நீலத்திரை போன்ற தோற்றமுடைய பக்கம் ஒன்று தோன்றி, ‘உம் கணினி கெட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கவும்’ என்று அச்சுறுத்துவதுண்டு. அது வஞ்சகர் விரித்த வலை. உண்மையான நீலத்திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. அது பணமும் கேளாது. குரல் எழுப்பிக் கூவவும் செய்யாது. வீட்டிலுள்ள முதியோர் இவ்வேறுபாட்டை அறியாமல் அழைத்து, வங்கிக் கணக்கின் மறைச்சொற்களைக் கூறி இழந்திருக்கின்றனர். இப்பாடத்தில் வேறு எதனை மறந்தாலும் இதனை மட்டும் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் இன்றே சொல்லுங்கள்.

உண்மையான திரையில் நாம் தேடவேண்டியது ஒன்றே. அதன் அடியில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ஒரு குறிச்சொல் இருக்கும். அதனை ஸ்டாப் கோட் என்பர். சில வேளைகளில் தவறு நேர்ந்த கோப்பின் பெயரும் அதனருகே காணப்படும். நூறு விழுக்காடு என்னும் கணக்கு நிறைவடையும்வரை கணினியை அணைத்தல் ஆகாது. மேலே கூறிய வாக்குமூலத்தை அது வன்தட்டில் எழுதும் நேரம் அதுவே. கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துக்கொள்ளலாம். படிக்குமுன் திரை மறைந்துவிடுமாயின், இயங்குதளத்தின் அமைப்புப் பகுதியில் தானே மீண்டும் தொடங்குதலைத் தடுத்துவைக்க வழி உண்டு. ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டிலும் அக்குறி பதிந்திருக்கும்.

இக்குறிச்சொற்கள் நோயின் பெயரைத் திட்டமாகக் கூறுவனவல்ல, நாடி போல்வன. ‘வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்’ என வந்தால் திரையை ஆளும் டிரைவர்மேல் ஐயங்கொள்ளலாம். ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என வந்தால், இயங்குதளம் தான் குடியிருக்கும் வட்டையே அணுக இயலாமல் நிற்கிறது என்பது பொருள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்பது நினைவகத்தின் பக்கம் கைகாட்டும். ஆயினும் குற்றம் நினைவகத்தினதாகவும் இருக்கலாம், அதனைத் தவறாகக் கையாண்ட டிரைவரினதாகவும் இருக்கலாம். நாடி பார்த்த மாத்திரத்தில் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான்.

டிரைவரினால் நேரும் கேட்டிற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உளது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் நிரலுக்குரிய சிறு கோப்பு ஒன்றை உலகெங்கும் உள்ள கணினிகளுக்கு அனுப்பியது. பகைவரின் நிரல்களைக் கண்காணிக்கும் அக்காவலன் கருவகத்தினுள்ளே இயங்குபவன். புதிய கோப்பு 21-ஆவது உறுப்பையும் பார்க்குமாறு அவனைப் பணித்தது; அவனிடம் இருந்தவையோ 20 உறுப்புகளே. இல்லாத ஒன்றைத் தேடி அவன் தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தில் கைவைத்தான். அவ்வளவே, கணினிகள் நீலமாயின. 78 நிமிடங்களில் அந்நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் வீழ்ந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகளில் பணிகள் தடைப்பட்டன, நம் நாட்டு வானூர்தி நிலையங்களிலும் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இத்துணைப் பெரிய கேட்டிற்குத் தீர்வு மிகச் சிறியது. கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அக்கோப்பை நீக்கிவிட்டால் போதும். ஆயினும் விழுந்த கணினி தொலைவிலிருந்து அனுப்பும் ஆணையைக் கேளாதன்றோ? ஆதலால் பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று அமர வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு முறை எனப்படும் சேஃப் மோடு நமக்கும் பயன்படும் அரிய வழியாகும். இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு, மற்றவற்றை வெளியே நிறுத்திவிட்டுக் கணினி எழும் முறை அது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மறுதொடக்கம் செய்தால் அதற்குச் செல்லும் வாயில் திறக்கும். எழவே இயலாத கணினி இருமுறை மும்முறை வீழ்ந்தபின் தானே அவ்வாயிலைக் காட்டும். அம்முறையில் நெடுநேரம் தடையின்றி இயங்கினால், குற்றம் வெளியே நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்றினுடையது எனத் துணியலாம். அங்கும் வீழ்ந்தால் பொறியின் உறுப்புகளையே ஐயுற வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு பூட்டப்பட்டிருப்பதால், இவ்வழியே செல்லும்போது 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கணினி கேட்கலாம். அவ்வெண்ணை முன்னரே தாளில் எழுதி வைத்திராதவர் வாயிலிலே நிற்க நேரும்.

உறுப்புகளின் குறைகள் சிலவே. வெப்பம் ஒன்று. மெத்தையின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியில் தூசு படிந்திருந்தால் அவ்வின்னல் இரட்டிக்கும். வன்தட்டுத் தேய்தல் மற்றொன்று. நினைவகம் பழுதுபடுதல் பிறிதொன்று. இம்மூன்றாவதனை நானே பட்டறிந்தேன். அதனைச் சற்று விரித்துக் கூறுதல் பொருந்தும்.

காவிரிப் படுகையின் உழவர்களிடம் 20 ஆண்டுகளாகக் கேட்டுத் தொகுத்த வேளாண்மைச் சொற்கள் 4,000-க்கு மேல் என் மடிக்கணினியில் இருந்தன. பதர் வேறு, கருக்காய் வேறு. மடை வேறு, வாமடை வேறு. இவற்றின் நுட்பத்தை வயலின் வரப்பில் அமர்ந்து சொல்லியவர்களிற் பலர் இன்று இல்லை. குறிப்பேடுகளிற் பாதியைக் கறையான் அரித்துவிட்டது. அந்நிலையில் கணினி வாரத்திற்கு ஒருமுறை நீலமாயிற்று; பின்னர் நாள்தோறும் நீலமாயிற்று. பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம், ஐயா” என்றார். நானும் ஒருவாறு உடன்பட்டுவிட்டேன். வீட்டிற்கு வந்து கூறியபோது, மேல்நிலை முதலாண்டு பயிலும் என் பெயர்த்தி, “தாத்தா, காரணம் இன்னதென்று அவர் சொன்னாரா?” என்று கேட்டாள். “சொல்லவில்லையம்மா” என்றேன். “அப்படியானால் அழித்த பிறகும் அது வராது என்று எப்படித் தெரியும்?” என்றாள். எனக்கு விடை தோன்றவில்லை.

அவள் ஒரு கோடிட்ட ஏட்டை எடுத்தாள். நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, திரையில் வந்த குறிச்சொல் என நான்கு பத்திகள் வகுத்தாள். ஒரு வாரத்தில் ஆறு பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் குறிச்சொற்கள் நான்கு. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, மறுநாள் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, பிறகு வேறொன்று. நேரத்திலும் ஒழுங்கில்லை, வேலையிலும் ஒழுங்கில்லை. ஒரு டிரைவரே குற்றவாளியானால் பெரும்பாலும் ஒரே வகையான குறியும், அவ்வுறுப்பைப் பயன்படுத்தும் வேளையும் பொருந்திவரும். இங்கோ தவறு எங்கும் பரவியிருந்தது. பாதுகாப்பு முறையிலும் ஒருமுறை வீழ்ந்தது. எல்லா நிரல்களும் தங்கிச் செல்லும் இடம் நினைவகமே ஆதலின், ஐயம் அதன்மேற் சென்றது.

“தாத்தா, இது தொடங்குவதற்கு முன் கணினியில் எதையாவது மாற்றினீர்களா?” என்பது அவளுடைய அடுத்த வினா. இல்லையென்று உறுதியாகக் கூறினேன். இரவு உணவின்போதுதான் நினைவு வந்தது. நான்கு திங்களுக்கு முன், விரைவாக இயங்கும் பொருட்டு, பழைய 8 கிகாபைட் நினைவகப் பலகையின் அருகே மற்றொரு 8 கிகாபைட் பலகையைப் பொருத்தச் செய்திருந்தேன். கேடு உடனே தோன்றாமையால் இரண்டையும் இணைத்து எண்ணவே இல்லை.

விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி உண்டு. விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் என்பது அதன் பெயர். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எண்ணை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒத்தனவா எனப் பார்ப்பதே அதன் வேலை. நீண்ட சோதனையைத் தேர்ந்து இரவில் ஓட விட்டோம். காலையில் வன்பொருளில் குறை உளது என்னும் செய்தி காத்திருந்தது. ஒருமுறை குறை தோன்றாவிடினும் நினைவகம் நல்லதென்று துணிதல் கூடாது; எப்போதோ ஒருமுறை தவறும் அறை ஒன்றிரண்டு, குறுகிய சோதனைக்குத் தப்பிவிடும்.

அடுத்துச் செய்தது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, இரும்புச் சன்னலைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அடிமூடியைத் திறந்தோம். மின்கலத்தின் இணைப்பையும் பிரித்தோம். இதனைப் பெரியோர் உடனிருந்தாலன்றி மாணவர் செய்தல் வேண்டா. சில மடிக்கணினிகளில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றிற் கைவைத்துப் பயனும் இல்லை. புதிய பலகையைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்துச் சோதித்தோம், குறை இல்லை. இத்துடன் நான் நின்றிருப்பேன். அவள் நிற்கவில்லை. குற்றம் பலகையிலா, அது செருகப்பட்ட பொருத்துவாயிலா என்று கேட்டாள். பழைய பலகை இருந்த வாயிலே புதியதை மட்டும் வைத்துச் சோதித்தபோது, மீண்டும் குறை தோன்றியது. குற்றம் பலகையினுடையதே என்பது அப்போதுதான் ஐயமற விளங்கிற்று. இயங்குதளத்தை எத்துணை முறை புதிதாக ஏற்றியிருந்தாலும் அந்த நீலம் திரும்ப வந்திருக்கும். என் சொற்கள் மட்டும் திரும்பியிரா.

இவற்றிற்கெல்லாம் முன்பே, சோதனை தொடங்கிய நாளன்று, தொகுப்பை ஒரு புறவட்டில் படியெடுத்திருந்தோம். அது செய்யத்தக்கதே. ஆயினும் பழுதுற்ற நினைவகத்தின் வழியாகச் சென்ற படி என்பதை அன்று நாங்கள் எண்ணவில்லை. திறந்து பார்த்தபோது இரண்டு கோப்புகள் திறக்கவில்லை. கெட்ட பலகையை நீக்கியபின் மறுபடியும் படியெடுத்தோம், இரண்டும் திறந்தன. மூலம் வன்தட்டில் பழுதின்றி இருந்தது. இடைவழியிலே எழுத்துகள் மாறியிருந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் பாடம் திரிதலைப் பற்றி நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவன் யான். பொறியும் பாடம் திரிக்கும் என்பதை அன்று கண்டேன்.

விற்ற கடையில் பலகையை மாற்றிக் கொடுத்தனர். புதியதையும் ஓர் இரவு முழுவதும் சோதித்த பின்னரே பொருத்தினோம். அவ்வேட்டில் அதன்பின் இரண்டு திங்களாகப் பதிவு ஒன்றும் இல்லை. ஒரு படி என் மேசை அறையில் இருக்கிறது. மற்றொன்று மகள் வீட்டில் இருக்கிறது. பலகை மாற்றிய அன்று மாலையே, கருக்காய் என்னும் சொல்லின்கீழ்ப் பாதியில் நின்றுபோன வரியை எழுதி முடித்தேன்.